லாரி போன திசை

2021 நவம்பர் 30. அந்த மாசம் முழுக்க புதுச்சேரியில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ராத்திரி பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு சொல்தா தாத்தா போன் செய்தார். ‘தம்பி, தூங்கிட்டியா? ஒரு நிமிஷம் ஊட்டுக்கு வந்துட்டுப் போயேன்.’

(சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

எண்பதைத் தாண்டியவர், இந்த நேரத்தில் கூப்பிடுகிறாரே என்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடினேன். மனிதர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து பிரெஞ்சு சேனல் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிஸில் சிவப்புக் கம்பளம். ராணுவத்தினர் தோளில் சவப்பெட்டி. பாந்தியோன் என்கிற பெரிய மண்டபத்தின் சுவரில் ஒரு கறுப்புப் பெண்ணின் சிரிப்பு வெளிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது.

‘ஜோசஃபின் பேக்கர்’ என்றார் தாத்தா. ‘அல்ஜீரியாவுல இருந்தப்ப ரேடியோவுல இந்தம்மா பாட்டுத்தான். பொட்டிக்குள்ள ஆள் இல்ல, தெரியுமா? வெறும் மண்ணு.’

உண்மைதான். ஜோசஃபின் 1975 ஏப்ரல் 12-ல் இறந்தார். உடல் மொனாக்கோவில் இருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யாமல், அவர் பிறந்த அமெரிக்க ஊரான செயின்ட் லூயிஸ், பாரிஸ், அவர் வாழ்ந்த மிலாந்த் மாளிகை, மொனாக்கோ ஆகிய நான்கு இடங்களிலிருந்து மண் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். வால்டேர், ரூசோ, விக்டர் ஹியூகோ எல்லாம் இருக்கிற இடம் அது. அங்கே போன முதல் கறுப்பினப் பெண் இவர்தான்.

ஜனாதிபதி மக்ரோன் பேசி முடித்ததும் தாத்தா சவுண்டைக் குறைத்தார். ‘நம்ம ஊர்ல சினிமாவுல ஆடுன பொண்ணு யாருக்காச்சும் இப்படி ஒண்ணு செஞ்சிருக்காங்களா?’

சிலை, தெருப்பெயர், தபால்தலை எல்லாம் உண்டு என்று ஆரம்பித்தேன். ‘அது கெலிச்சவங்களுக்கு. தோத்தவங்களுக்கு?’ என்றார்.

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலுக்குப் பதிலாக ஒரு பெயர்தான் வந்தது. பி.கே.ரோஸி.

* * *

ரோஸி யார் என்று இன்றைக்கு நிறைய பேருக்குத் தெரியும். 2023 பிப்ரவரி 10-ம் தேதி கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. அவருடைய 120-வது பிறந்தநாள். அன்றைக்கு ஒரு நாள் எல்லோரும் தேடினோம். மறுநாள் வேறு படம், வேறு தேடல்.

கதை சுருக்கமாக. திருவனந்தபுரத்தில் 1903-ல் பிறந்த புலையர் சமூகத்துப் பெண், ராஜம்மா. புல் அறுத்து விற்றுப் பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் நடிப்பவர். (அந்த நாடகத்தில் மலையாளமும் தமிழும் கலந்துதான் வரும். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக வந்து கதை சொல்வார்கள்.) அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி.டேனியல், பல் டாக்டர், சினிமா மோகத்தில் நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டுடியோ போட்டு, ‘விகதகுமாரன்’ என்று ஒரு மௌனப் படம் எடுத்தார். கேரளத்தின் முதல் படம். அதில் கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்த வேஷத்துக்கு ராஜம்மாவைப் போட்டார். ரோஸி ஆனார். தினம் ஐந்து ரூபாய் சம்பளம், பத்து நாள் வேலை என்று சொல்கிறார்கள்.

கேபிட்டல் தியேட்டரில் படம் வெளியானது. 1928 என்று ஒரு கணக்கு, 1930 என்று இன்னொரு கணக்கு. எந்த வருஷமானால் என்ன, நடந்தது ஒன்றுதான். கதாநாயகியைத் தியேட்டருக்குள் விடவில்லை. அவர் உள்ளே வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். திரையில் கதாநாயகன் அவர் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி வந்ததும் கல் பறந்தது. திரை கிழிந்தது. தாழ்ந்த சாதிப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று ரோஸியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரியை ஓட்டி வந்தவரையே கல்யாணம் செய்துகொண்டு, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து, 1988-ல் இறந்தார் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விவரம்.

‘விகதகுமாரன்’ என்றால் காணாமல் போன குழந்தை என்று அர்த்தம். படமும் காணாமல் போய்விட்டது. ஒரு அடி பிலிம்கூட இன்று இல்லை. ரோஸியின் முகம் இதுதான் என்று அடித்துச் சொல்லும்படியான ஒரு போட்டோகூட இல்லை. கூகுள் போட்டதும் ஓர் ஓவியர் வரைந்த முகம்தான்.

* * *

இந்தக் கதையை வைத்து 2013-ல் கமல் (நம்ம கமல் இல்லை, மலையாள இயக்குநர் கமல்) ‘செல்லுலாய்டு’ என்று ஒரு படம் எடுத்தார். டேனியலாக பிருத்விராஜ். ரோஸியாக சாந்தினி. சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது, கேரள அரசின் சிறந்த பட விருது எல்லாம் வாங்கியது. வினு ஆபிரகாம் எழுதிய ‘நஷ்டநாயிகா’ நாவலையும், சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியலின் வாழ்க்கை வரலாற்றையும் அடிப்படையாகக் கொண்டது. முதல் புத்தகத்தின் தலைப்பே ‘இழந்த நாயகி’. ஆனால் படம் யாருடையது?

தாத்தா கேட்ட பிறகு நான் இந்தப் படத்தைத் திரும்ப இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை 2013-ல் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன் நான். நல்ல படம் என்று பத்து பேரிடம் சொல்லியிருப்பேன். இப்போதும் மோசமான படம் என்று சொல்லமாட்டேன். கேமரா என்ற ஜந்துவை முதன்முதலாகப் பார்க்கிற மனிதர்களின் ஆச்சரியத்தை அவ்வளவு நன்றாகக் காட்டியிருக்கிறார். எம்.ஜெயச்சந்திரனின் பாட்டுகள், அதிலும் வைக்கம் விஜயலட்சுமியின் அந்தக் குரல்! பழைய கிராமபோன் தட்டிலிருந்து எழுந்து வந்தது மாதிரி இருக்கும். அந்தக் குரல் நெஞ்சில் ஏறியதாலேயே படத்தின் குறை நமக்குத் தெரியாமல் போகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

குறை இதுதான். படத்தில் ரோஸி முக்கால்வாசி நேரம் ஒடுங்கி நிற்கிறாள். கூப்பிட்டால் நடுங்குகிறாள். எல்லோரும் சாப்பிடும்போது தள்ளிப்போய் உட்காருகிறாள். உடையும் நகையும் போட்டுவிட்டால் பூரித்துப் போகிறாள். அன்றைய நிலைமை அப்படித்தான் இருந்திருக்கும், இயக்குநர் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் இதே படம்தான் அவள் நாடகத்தில் ஆடுகிறவள் என்றும் சொல்கிறது. ஊர் கூடியிருக்கிற திறந்த வெளியில், தீப்பந்த வெளிச்சத்தில், நூறு கண்களுக்கு முன்னால் பாடி ஆடிய ஒரு பெண்ணுக்குக் கைதட்டல் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரியும். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து போய்ப் பேரம் பேசி விற்றவளுக்கு வாயும் இருந்திருக்கும். கேமரா முன்னால் நின்ற அத்தனை பேரிலும் நிஜமான நடிகர் அநேகமாக அவர் ஒருவர்தான். டேனியல் உட்பட மற்றவர்கள் எல்லாம் ஆர்வக்கோளாறு பார்ட்டிகள். அந்தத் தொழில்காரியைப் படம் காட்டவே இல்லை. டேனியல் கண்டெடுத்த ஒரு வெகுளிப் பெண்ணைத்தான் காட்டுகிறது.

அடுத்தது, லாரி. கல்லெறிக்குப் பிறகு ரோஸி இருட்டில் ஓடுகிறாள், லாரி வருகிறது, ஏறுகிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு படம் டேனியலுடன் தங்கிவிடுகிறது. டேனியலின் கடன், டேனியலின் வைத்தியத் தொழில், டேனியலின் முதுமை, அகஸ்தீஸ்வரத்தில் அவரைத் தேடிப் போகிற பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனாக சீனிவாசன், பென்ஷன் மனு, நிராகரிப்பு. பிருத்விராஜுக்கு நரைமுடி வைத்து ஏறக்குறைய பாதிப் படம். ரோஸிக்கு ஒரு லாரி.

நான் பி.காம் படித்தவன். (அக்கவுண்டன்சியில் நான் வாங்கிய மார்க்கை இங்கே வெளியிடுவதாக இல்லை.) கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம், ஒரு கம்பெனியின் உண்மை நிலவரம் பேலன்ஸ் ஷீட்டில் இருக்காது, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற குறிப்புகளில் இருக்கும் என்பது. ‘செல்லுலாய்டு’ டேனியலின் நஷ்டத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கெழுதுகிறது. நிலம் போனது, ஸ்டுடியோ போனது, பிலிம் போனது (இளைய மகனே சின்ன வயசில் விளையாட்டாகப் பிலிமைக் கொளுத்திவிடுகிறான் என்று படம் முடிக்கிற இடம் நிஜமாகவே வயிற்றைப் பிசையும்). ரோஸியின் நஷ்டம் பொடி எழுத்துக்குப் போய்விட்டது. நிலம் போனவர் தன் பெயரோடு செத்தார். 1992-லிருந்து கேரள அரசு அந்தப் பெயரில் உயரிய திரைப்பட விருது கொடுக்கிறது. பெயரே போனவருடைய கணக்கு?

இதற்கு இயக்குநர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். டேனியலைப் பற்றி ஆவணம் இருக்கிறது. அவரை நேரில் பார்த்துப் பேசி எழுதியவர் இருக்கிறார். ரோஸியைப் பற்றி என்ன இருக்கிறது? குன்னுக்குழி எஸ்.மணி மாதிரி ஓரிருவர் வருஷக்கணக்காக விடாமல் தேடி எழுதியதால்தான் இந்த அளவாவது தெரிகிறது. இல்லாததை எப்படி எடுப்பது என்று கமல் கேட்டால் நியாயம்தான். ஆனால் டேனியல் தன் மனைவியிடம் படுக்கையறையில் என்ன பேசினார் என்பதற்கும்தான் ஆவணம் இல்லை. அதை எழுதினார்கள் இல்லையா? கற்பனை எங்கே செலவானது, எங்கே சிக்கனம் பிடித்தது என்பதுதான் என் கேள்வி.

* * *

இந்த இடத்தில் ஹாட்டி மெக்டேனியலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் மம்மி என்கிற வேலைக்காரியாக வருவாரே, அவர்தான். படத்தின் முதல் காட்சி 1939 டிசம்பரில் அட்லாண்டாவில். ஊரே திருவிழா. ஜார்ஜியா மாநிலத்தின் நிறப் பிரிவினைச் சட்டத்தால் ஹாட்டி போக முடியவில்லை. கேபிட்டல் தியேட்டர் கதை, வேறு ஊர், வேறு பாஷை. இரண்டு மாசம் கழித்து, 1940 பிப்ரவரி 29-ல், ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். விழா நடந்த ஹோட்டலில் படக்குழுவோடு உட்கார விடாமல் அவருக்குத் தனி மேஜை போட்டார்கள். அங்கிருந்து எழுந்து வந்துதான் பரிசு வாங்கினார். 1952-ல் சாகும்போது ஹாலிவுட் கல்லறையில் தன்னைப் புதைக்கச் சொன்னார். முடியாது என்றார்கள். அவர் பரிசை ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு விட்டுவிட்டுப் போனார். அது அங்கே தொலைந்துபோய், 2023-ல் ஆஸ்கர் அகாடமி மாற்றுப் பரிசு செய்து கொடுத்தது.

ஆனால் ஹாட்டிக்கும் ரோஸிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஹாட்டி வேலைக்காரியாக நடித்தார். அதற்குப் பரிசு கொடுக்க அந்த ஊருக்கு மனசு வந்தது. ரோஸி எஜமானியாக நடித்தார்.

ஜோசஃபினை மட்டும் பிரெஞ்சுக்காரன் தலையில் தூக்கிவைத்து ஆடினானே என்று தாத்தா மாதிரி நீங்களும் கேட்கலாம். 1925-ல் பாரிஸில் வந்து இறங்கிய 19 வயதுப் பெண், ஒரே ராத்திரியில் ஊரைக் கலக்கினார் என்பது உண்மை. 1927-ல் அவரைக் கதாநாயகியாகப் போட்டுப் படம் எடுத்தார்கள் என்பதும் உண்மை. எந்தக் கதாநாயகி என்று பார்க்க வேண்டும். 1934-ல் வந்த ‘சூசூ’ படத்தைப் பாருங்கள். கூடவே வளர்ந்த ழான் கபானை உயிராக நேசிக்கிறாள். அவனோ வெள்ளைக்காரத் தோழியோடு போய்விடுகிறான். ஜோசஃபின் பறவைக்கூண்டில் ஊஞ்சலாடிக்கொண்டு பாடுகிறார். அடுத்த வருஷம் ‘பிரின்ஸஸ் டாம் டாம்’. அதிலும் வெள்ளைக்கார எழுத்தாளன் கடைசியில் மனைவியிடம் திரும்பிவிடுகிறான். ஆடலாம், பாடலாம், கலெக்‌ஷன் கொடுக்கலாம். கதாநாயகன் மட்டும் கிடையாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் அகஸ்தீஸ்வரத்துப் பல் டாக்டர் பெரிய ஆள். பாரிஸ் செய்யத் துணியாததைத் திருவனந்தபுரத்தில் செய்தார். ரோஸியின் தலைப் பூவை எடுத்து முத்தமிட்ட கதாநாயகன் அவரேதான். துணிச்சல் என்று சொல்லலாம். விளைவு தெரியாமல் செய்தது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் தோன்றுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், விளைவு யார் தலையில் விடிந்தது? (விசித்திரம்: டேனியல் இறந்தது 1975 ஏப்ரல் 27. ஜோசஃபின் இறந்து சரியாகப் பதினைந்து நாள். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சும்மா கண்ணில் பட்டது.)

* * *

நம் ஊருக்கு வருவோம். ‘ரோஸி தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் ஒரு முறை எழுதியிருக்கிறேன். தப்பு. அவர் ஓடியபோது நாகர்கோவில் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. அதே ராஜா, அதே போலீஸ். அவர் ஒரு எல்லையையும் தாண்டவில்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி, எல்லைதான் அவரைத் தாண்டிப் போனது. (நவம்பர் 1 புதுச்சேரிக்கும் முக்கியமான நாள். 1954-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள். நாங்கள் யாரும் வீட்டைவிட்டு நகரவில்லை, தேசம் மாறியது. அதனால் இந்த விஷயம் எங்களுக்குச் சட்டென்று புரியும்.)

ஆக, ரோஸி தப்பியது இன்னொரு ராஜ்யத்துக்கு அல்ல, இன்னொரு பெயருக்கு. ராஜம்மாள், லாரி டிரைவரின் மனைவி. புகுந்த வீட்டின் சாதிக்குள் தன் சாதியை மறைத்துக்கொண்டு, சினிமாவையும் சேர்த்து மறைத்துவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். அந்த மறைவு வெற்றிகரமாக நடந்தது. ஐம்பது, அறுபது வருஷம். அதே காலத்தில் நாகர்கோவிலில் கொட்டகைகள் வந்தன, அந்த ஊர்க்காரர் என்.எஸ்.கிருஷ்ணன் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார், தெருவுக்குத் தெரு சினிமா போஸ்டர். ராஜம்மாள் என்றைக்காவது ஒரு மேட்னி ஷோவுக்குப் போயிருப்பாரா? போயிருந்தால், திரையில் கதாநாயகன் கதாநாயகியின் பூவைத் தொடுகிற காட்சியில் என்ன செய்திருப்பார்? ‘செல்லுலாய்டு’ எடுத்திருக்க வேண்டிய படம் எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவரே மூடிவைத்ததைத் திறக்க நாம் யார்? பெயரை மறைத்து நிம்மதியாக வாழ்ந்த ஒரு கிழவியை, செத்த பிறகு போஸ்டர் அடித்து ஒட்டுவது மரியாதையா? இதை ரொம்ப நாள் யோசித்தேன். அவர் யாரைக் கட்டிக்கொண்டார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மைக்கை நீட்டிக்கொண்டு போவது அநாகரிகம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து நாள் கேமரா முன்னால் பார்த்த வேலை அந்தரங்கம் இல்லை. அது உழைப்பு. டைட்டில் கார்டில் இருக்க வேண்டியது.

அந்த வகையில் சில பேர் சரியாகச் செய்திருக்கிறார்கள். கேரளத்தில் ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ நடிகைகள் 2019-ல் ரோஸி பெயரில் ஒரு பிலிம் சொசைட்டி ஆரம்பித்தார்கள். சென்னையில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘வானம்’ கலைவிழாவில் ரோஸி பெயரிலேயே திரைப்பட விழா நடத்தியது. அகாடமி, அரசாங்கம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

* * *

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் இன்னொரு பெண்ணையும் சொல்லியாக வேண்டும். சினிமா இல்லை, இசை. கோயம்புத்தூர் தாயி. 1872-ல் தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் பழனிகுஞ்சரம். சென்னையில் கொடிகட்டிப் பறந்தவர். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் தென்னிந்தியாவுக்கு வந்த காலத்தில் குவியல் குவியலாகத் தட்டு கொடுத்தவர். குடும்பப் பெண்கள் குழாய் முன்னால் பாட வராத காலம். கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான், சென்னையில் தாயி மாதிரி பெண்கள்தான் துணிந்து பாடினார்கள். அமெரிக்காவிலும் கதை ரொம்ப வித்தியாசம் இல்லை. கறுப்பர்கள் தட்டு வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்தபோது 1920-ல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் ஒரு தட்டு ஏகத்துக்கு விற்று, முதலாளிகளுக்கு ஒரு புது மார்க்கெட்டையே திறந்துவிட்டது. மார்க்கெட் பெருத்த பிறகு முதலில் பாடியவர்களை யார் நினைத்தார்கள்?

தாயி கதையில் பிரெஞ்சு எங்கே வருகிறது? மோரிஸ் டெலாஜ் என்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் சிஷ்யர், 1912-ல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் தட்டுகளைக் கேட்டுச் சொக்கிப்போனார். வள்ளலாரின் அருட்பாவைத் தாயி ராகமாலிகையாகப் பாடிய ஒரு தட்டை எடுத்து, அப்படியே பியானோவுக்கு மாற்றி ‘ராகமாலிகா’ என்று எழுதினார். நம் தாள வாத்தியத்தின் ‘தும்’ சத்தம் பியானோவில் வராதே! அதற்காக ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி வாசிக்கச் சொன்னார். பிற்காலத்தில் மேல்நாட்டில் இப்படிப் பியானோவுக்குள் கண்டதையும் செருகி வாசிப்பதைப் பெரிய புதுமை என்று கொண்டாடினார்கள். தொடக்கப் புள்ளிகளில் ஒன்று, சென்னையில் ஒரு தாசி பாடிய வடலூர்க்காரரின் பாட்டு.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பியானோ அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தாயி ஒரு சொல்லைப் பிடித்து வழுக்கிக்கொண்டு இறங்குகிற இடத்தில் பியானோ படிப்படியாக மாடி இறங்குகிறது. கட்டை, கட்டையாக. என்ன செய்யும், பாவம், அதற்குக் குரல் கிடையாது. தாயி இறந்தது 1917. எங்கள் ஊரில் பிரெஞ்சு இசை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கர்நாடக இசை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கோஷ்டியிலும் விசாரித்தேன். ஒருவருக்கு டெலாஜ் தெரிந்திருந்தது. தாயி யாருக்கும் தெரியவில்லை.

டி.பி.ராஜலட்சுமியைப் பற்றியும் எழுத நினைத்தேன். 1931-ல் ‘காளிதாஸ்’ கதாநாயகி, 1936-ல் தானே எழுதித் தயாரித்து இயக்கிய ‘மிஸ் கமலா’. சின்ன வயசில் அவர் நாடகத்துக்குள் நுழைய உதவியது சங்கரதாஸ் சுவாமிகள் என்பார்கள். அந்த சுவாமிகள் இங்கே கருவடிக்குப்பத்தில்தான் அடங்கியிருக்கிறார். ராஜலட்சுமிக்கு ‘சினிமா ராணி’ என்று பட்டமாவது கிடைத்தது. அவர் பட்ட கஷ்டம் வேறு கணக்கு, தனியாக ஒரு வாரம் எழுதவேண்டியது.

* * *

போன வாரம் சொல்தா தாத்தாவுக்கு ‘செல்லுலாய்டு’ போட்டுக் காட்டினேன். மலையாளம் புரியாது என்றார். புரிந்தது. டேனியல் கேமராவைக் கட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கும்போது சிரித்தார். சாந்தினி முதன்முதலாக அலங்காரம் செய்துகொண்டு வருகிற இடத்தில் ‘பொண்ணு நல்லா இருக்கு’ என்றார். தியேட்டர் கலவரம் வந்தது. கல், கூச்சல், தீ. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரி வந்தது, போனது.

‘நிறுத்து’ என்றார்.

நிறுத்தினேன்.

‘பூவுக்கு முத்தம் குடுத்தது அந்த டாக்டர்தானே?’

‘ஆமா தாத்தா.’

‘அப்ப அவன் ஊட்ட ஏன் கொளுத்தல?’

நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘சரி, போடு. லாரி எந்தப் பக்கம் போச்சுன்னு பாப்போம்’ என்றார்.

‘இனிமே லாரி வராது தாத்தா. டாக்டர் கதைதான்.’

‘எவ்ளோ நேரம்?’

‘ஒரு மணி நேரம் இருக்கும்.’

தாத்தா ரிமோட்டை வாங்கி டி.வி.யை அணைத்துவிட்டு, ராத்திரிச் சோற்றுக்கு உள்ளே போனார்.